ரெண்டு இன்ச்சுக்குக் கணக்குக் கிடையாது

இல்ல தம்பி, ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க. எனக்குக் கால நீட்ட இந்த ஓரம்தான் வசதி. உங்க சட்டையில பேக்டரி பேரு போட்டிருக்கறதப் பாத்துட்டுத்தான், பின்னாடி ரெண்டு சீட்டு காலியா இருந்தும் இங்க வந்து ஒக்காந்தேன். நான் எறங்க வேண்டியதும் அங்கதான். கண்டக்டரக் கேட்டா பாதி வார்த்தைய முழுங்கிட்டுப் போறாரு. நீங்க எறங்கறப்ப நானும் எறங்கிக்கறேன்.

பேரு? கலியமூர்த்தி. நல்லது. நான் தெய்வசிகாமணி. கிண்டியில பைப் டிசைன் பண்ற ஆபீஸ்ல இருக்கேன், முப்பத்தொரு வருஷமா. உங்க பேக்டரியில பாய்லர்லேருந்து கடைசி ப்ளான்ட் வரைக்கும் புதுசா பன்னெண்டு இன்ச்சுல ஒரு ஸ்டீம் லைன் போட்டிருக்காங்கல்ல, அது நம்ம லைன்தான். நம்மன்னா நான் வெல்டு பண்ணல. நான் பாக்கறது ஸ்ட்ரெஸ். இந்த வார்த்தையச் சொன்னாலே நம்ம ஜனங்க எனக்கு மாத்திரை பேரு சொல்ல ஆரம்பிச்சுடறாங்க. கல்யாண வீட்டுல ஒருத்தரு தியான வகுப்புலயே என்னைச் சேத்து விட்டாரு.

சுலபமாச் சொல்றேன், கேளுங்க. ஸ்டீம் உள்ள போனா பைப்பு சூடாகும். சூடானா நீளும். வெயில்ல தண்டவாளம் நீளுதில்ல, அதே சமாச்சாரம். உங்க லைன்ல ஸ்டீம் முந்நூத்தி எண்பது டிகிரி. அந்தப் பெரிய பைப்பு ஒரு எடத்துல அம்பத்திரண்டு மில்லிமீட்டர் நகரும். மூணு விரக்கடை அளவு. நகரட்டும்னு விடணும். விடாம இறுக்கிப் புடிச்சா எங்கயாவது ஒடியும். எங்க விடணும், எங்க புடிக்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்றதுதான் என் தொழில். என்ன தலைய ஆட்டறீங்க? நேர்ல பாத்திருக்கீங்களா, பைப்பு நகரறத? சரி சரி. பாக்கறது வேற, கணக்குத் தெரியறது வேற தம்பி.

இப்ப எதுக்குப் போறேன்னா, ஒரு கையெழுத்துப் போட. ஒத்தக் கையெழுத்துக்கு நாலு மணி நேரம் பஸ்ஸு. எல்லாம் ஒரு பொண்ணு பண்ற வேலை.

செண்பகவல்லின்னு பேரு. சங்கரன்கோவில் பக்கம். எங்க ஆபீஸ்ல சேந்து மூணு வருஷம் ஆவுது, எனக்குக் கீழதான் வேலை. நான் யாரையும் கொறை சொல்றவன் இல்ல. நல்ல பொண்ணு. கணக்கு சுத்தம். டீ குடிக்க எழுந்து போனாக்கூட திரும்பி வந்து விட்ட வரியிலேருந்து ஆரம்பிக்கும். ஆனா கேள்வி கேக்கும். நான் சேந்த காலத்துல ஒரு கேள்வி கேக்கணும்னா ரெண்டு நாள் மனசுக்குள்ளயே வச்சுப்பேன், அதுக்குள்ள அது மறந்துடும். அப்படித்தான் நாங்க வேலை கத்துக்கிட்டோம்.

என்ன ஆச்சுன்னா, பெரிய பைப்புக்கு நான் ரிப்போர்ட் குடுத்தது போன ஆடியில. நூத்திப் பதினெட்டுப் பக்கம். அப்ரூவ் ஆயிடுச்சு. அதுக்கப்புறம் ஐப்பசியில உங்க ஆளுங்க ஒரு லெட்டர் போடறாங்க. பக்கத்துல இருக்கற டேங்க்கைச் சூடு பண்ணணுமாம், அந்த லைன்லேருந்து ரெண்டு இன்ச்சுல ஒரு கிளை குடுங்கன்னு. கிளைன்னா வேற ஒண்ணுமில்ல, பெரிய பைப்புல ஓட்டை போட்டு அந்த வாயில சின்ன பைப்ப வச்சு வெல்டு பண்றது. சரி, குடுத்தோம். ஓட்டை போட்டா அந்த எடத்துல பலம் கொறையும். வெட்டி எடுத்த இரும்ப வேற ரூபத்துல திருப்பிக் குடுக்கணும். பேன்ட்டுல கிழிஞ்ச முட்டியில ஒட்டுத்துணி வச்சுத் தைக்கற மாதிரி, ஓட்டையைச் சுத்திக் கனமா இரும்பு வைக்கணும். எவ்வளவுன்னு நானே என் கையால கணக்குப் போட்டேன். அரைப் பக்கக் கணக்கு. தேவைக்கு மேலயே குடுத்தேன். நான் எப்பவும் கனமாத்தான் குடுப்பேன்.

அந்தச் சின்ன பைப்ப ஒரு மீட்டர் தள்ளி அங்க இருந்த தூண்ல கிளாம்ப் போட்டு இறுக்கினாங்க. தூண் அங்க இருந்துச்சு, புடிச்சாங்க. அதுல என்ன தப்பு?

இதப் பாத்துட்டு அந்தப் பொண்ணு வந்து நிக்குது. சார், ஓட்டைக்குக் கணக்குப் போட்டாச்சு, உள்ள அழுத்தத்துக்குத் தாங்கும். பெரிய பைப்பு அம்பத்திரண்டு நகருது, சின்ன பைப்பு மறுமுனை தூண்ல கட்டியிருக்கு, நடுவுல அந்தக் கிளை என்ன சார் ஆகும்னு கேட்டுச்சு. நான் சொன்னேன், அம்மா, ரெண்டு இன்ச்சுக்கும் அதுக்குக் கீழயும் ஸ்ட்ரெஸ் கணக்குக் கிடையாது, ஆபீஸ் வழக்கத்தப் படிச்சுப் பாருன்னு. படிச்சிருக்கேன் சார், அதுல ஏன்னு போடலையேன்னுச்சு. எப்படிப் போட்டிருக்கும்? அந்த வழக்கத்த எழுதினவனே நான்தான். இருபது வருஷத்துக்கு முன்னாடி, ஆள் பத்தாத நேரத்துல, சின்ன பைப்புக்கெல்லாம் கணக்குப் போட்டா வேலை முடியாதுன்னு எழுதினது. அதுக்குக் காரணம் வேற எழுதணுமா?

வாயால சொன்னது எடுபடலன்னதும் எழுத்துல வந்துச்சு. எங்க ஆபீஸ்ல கமென்ட் ஷீட்டுன்னு ஒண்ணு உண்டு தம்பி. யாருக்கு என்ன ஆட்சேபணை இருந்தாலும் அதுல எழுதணும், நான் பதில் எழுதணும். முப்பத்தொரு வருஷத்துல நான் பதில் எழுதாம விட்ட கமென்ட் ஒண்ணு கெடையாது. இத நீங்க யாருகிட்ட வேணாலும் விசாரிக்கலாம்.

மொதத் தடவ நீல பேனாவுல எழுதிக் குடுத்துச்சு. ஜூனியருங்க பச்சையிலதான் எழுதணும். திருப்பி அனுப்பிட்டேன். ரெண்டாவது தடவ பச்சையில வந்துச்சு, ஆனா லைன் நம்பர்ல கடைசி எழுத்து விட்டுப் போச்சு. திருப்பி அனுப்பிட்டேன். மூணாவது தடவ வந்ததுல எந்தத் தப்பும் இல்ல. நானும் கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாக்கறேன், பேனா சரி, நம்பர் சரி, தேதி சரி. கூடவே பரிகாரம் வேற எழுதியிருக்கு. கிளாம்ப எடுத்துட்டு, சின்ன பைப்புக்கு ஒரு திருப்பம் குடுத்து, நாலு மீட்டர் தள்ளிப் புடிச்சா அது வளைஞ்சு குடுக்கும், மூணு நாள் வேலைன்னு படமே போட்டிருக்கு. நான் என்ன பண்றது. "நோட்டட்"னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டு, மூடிட்டேன்.

அதுக்கும் வந்து கேக்குது. நோட்டட்னா என்ன சார்னு. பாத்துட்டேன்னு அர்த்தம்மான்னேன். பாத்துட்டு சார்? பாத்துட்டு மூடிட்டேன்னு அர்த்தம்னேன். அழும்னு நெனச்சேன், அழல. அழுதிருந்தாக்கூட ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன்.

அதுக்கடுத்த வாரம் பெரிய மீட்டிங்கு. உங்க பேக்டரிக்காரங்க நாலு பேரு, எங்க மேனேஜர் ஜெபராஜ், நான். அவரு என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவரு, ஆனா மேனேஜரு, அது கெடக்கட்டும். எல்லாம் சுமுகமா முடியப் போற நேரத்துல இந்தப் பொண்ணு எழுந்து சொல்லுது. சார், பஸ் ஜன்னல் கம்பியில பையோட ஒரு தோள்வாரைக் கட்டி, இன்னொரு வாரை பஸ் ஸ்டாண்டு கம்பத்துல கட்டிட்டு, பஸ்ஸை எடுத்தா என்ன ஆகும், அதான் சார் இங்க ஆகும்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. நூத்திப் பதினெட்டுப் பக்க ரிப்போர்ட்டு, அத ஒரு பையும் வாருமாப் பண்ணிடுச்சு.

நான் பழி வாங்கற ஆள் கெடையாது. அந்தப் பொண்ணுக்கு அனுபவம் வேணும்னு நானே சிபாரிசு பண்ணி உங்க சைட்டுக்கு அனுப்பி வச்சேன். ஆறு மாசத்துக்கு. வெயிலு, தூசி, நாலு வெல்டரோட பழகினா பேச்சு கொறையும்னு பாத்தேன். நீங்க பாத்திருப்பீங்களே, மஞ்சத் தொப்பி போட்டுக்கிட்டு, கையில டேப்போட... உங்களுக்குத் தெரியுமா? உங்ககூட டீ குடிக்குமா? சரி, அப்படித்தான் இருக்கும்.

இப்ப லைன் முடிஞ்சுடுச்சு. தை பொறந்ததும் நல்ல நாள் பாத்து நாளைக்குக் காலையில பத்தரைக்கு ஸ்டீம் தொறக்கறாங்க. அதுக்கு முன்னாடி டிசைன் ஆபீஸ் சார்பா ஒருத்தரு லைன நடந்து பாத்து, எல்லாம் படத்துல உள்ளபடி இருக்கு, தொறக்கலாம்னு ஒரு தாள்ல கையெழுத்துப் போடணும். சைட்ல இருக்கறது அந்தப் பொண்ணுதான். போடமாட்டேன்னுடுச்சு. படத்துல உள்ளபடிதான் சார் இருக்கு, படம்தான் சரியில்லன்னு சொல்லுதாம். உங்க ப்ளான்ட் மேனேஜரு ஜெபராஜுக்குப் போன் போட்டு, மூணு நாள் தள்ளிப் போட்டா மேலிடத்துக்கு நான் பதில் சொல்ல முடியாதுன்னு கத்தியிருக்காரு.

ஜெபராஜ் என்னைக் கூப்புட்டாரு. கதவைச் சாத்திட்டு, சார், நீங்க சீனியரு, நீங்களே போய்ப் போட்டுக் குடுத்துட்டு வந்துடுங்க, வந்ததும் உங்க லெட்டரப் பாத்துடலாம்னாரு. என்ன லெட்டருன்னா, இந்த மாசக் கடைசியில எனக்கு அம்பத்தெட்டு முடியுது. இன்னும் ரெண்டு வருஷம் என்னை வச்சுக்கலாம்னு ஒரு பேச்சு இருக்கு. அவரு ஒண்ணும் நிபந்தனை போடல. ரெண்டையும் ஒரே வாக்கியத்துல சொன்னாரு, அவ்வளவுதான்.

உங்களுக்கு இது பெரிசாத் தெரியாது தம்பி. எங்க ஆபீஸ்ல பத்மநாபன்னு ஒருத்தரு, எனக்கு ரெண்டு வருஷம் மூத்தவரு. அவரு இருந்தப்ப நாலு தடவ கூப்புட்டாத்தான் ஒரு தடவ போன எடுப்பாரு. அவ்வளவு வேலை. ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு நாள் சும்மா போன் போட்டேன். மொத ரிங்கு முழுசா அடிக்கல, எடுத்துட்டாரு. அன்னைலேருந்து நான் அவருக்குப் போன் போடல. பயமா இருக்குங்க. நெஜமாவே பயமா இருக்கு.

வீட்டுல சொன்னேன். அவ ஒரே ஒரு கேள்வி கேட்டா, போடலன்னா என்ன பண்ணுவாங்கன்னு. சமையல் ரூம்ல இருந்துக்கிட்டு கேக்கறதுக்கு என்ன. வேட்டிய மடிச்சு வையுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஆனா நான் பொறுப்பில்லாதவன் இல்ல தம்பி. போன வாரம், மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம், சும்மா ஒரு ஆர்வத்துல அந்தக் கிளைய கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்தேன். ரெண்டு இன்ச்சுக்கு நான் கணக்குப் போட்டது என் வாழ்க்கையிலயே அதுதான் மொதத் தடவ. இரும்பு தாங்கற அளவ நூறுன்னு வச்சா, அந்தக் கிளை மூட்டு நூறுக்குள்ள இருக்கணும். நூத்திப் பத்து, நூத்தி இருவதுன்னு வந்தா ஏதாவது பண்ணலாம், ஒரு வரி எழுதிச் சமாளிக்கலாம். தொள்ளாயிரத்து நாப்பது வந்துச்சு.

பாருங்க, அவ்வளவு பெரிய நம்பர் வந்தா அது நம்பரே இல்ல. எங்கயோ நான் தப்பாக் குடுத்திருக்கேன்னுதான் அர்த்தம். திரும்பப் போட்டேன். அதே தொள்ளாயிரத்து நாப்பது. நாலு தடவ போட்டேன். கம்ப்யூட்டர் எப்பவுமே பயமுறுத்தும், அதுக்கு இரும்பப் பத்தி என்ன தெரியும். நான் பிரிண்ட் எடுக்கல. பிரிண்ட் எடுத்தா அதுக்கு நம்பர் போடணும், நம்பர் போட்டா ரெஜிஸ்டர்ல ஏத்தணும், ஏத்திட்டா அது ரிப்போர்ட்டு. எடுக்காத வரைக்கும் அது வெறும் ஸ்கிரீனு. அமத்திட்டு டப்பாவத் தொறந்து சாப்பிட்டேன். பாதி தயிர்சாதத்தக் காக்காவுக்கு வச்சேன்.

இல்ல, யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன். பஸ்ல பேசறது பஸ்ஸோட போகும்.

நேத்து உங்க ப்ளான்ட் மேனேஜரே எனக்குப் போன் பண்ணாரு. நல்ல மனுஷன். சார், எங்க பேக்டரியில ஒரு பழக்கம் இருக்கு, எந்த லைன்ல மொதல்ல ஸ்டீம் விட்டாலும், அந்த லைனுக்குக் கையெழுத்துப் போட்டவரு வால்வுகிட்ட நின்னு தேங்கா ஒடைக்கணும், உங்களுக்குச் சால்வை வாங்கியாச்சுன்னாரு. முப்பத்தொரு வருஷத்துல என்னை ஒருத்தரும் ஒரு விழாவுக்குக் கூப்புட்டதில்ல தம்பி. நான் கணக்குப் போட்ட பைப்பு எட்டு ஊர்ல ஓடுது, ஒரு ஊர்லயும் எனக்கு டீ குடுத்ததில்ல. சால்வைன்னு அவரு சொன்னதும், என்ன கலருன்னு கேட்டுட்டேன்.

இல்ல, நான் நிக்கல. முட்டி வலின்னு சொல்லிட்டேன். அதுவும் அந்தக் கிளைக்கு நேர் கீழ எடம் வச்சிருக்காங்களாம், அங்க நின்னாத்தான் போட்டோ நல்லா விழுமாம். புகை, சூடு, கூட்டம் எனக்கு ஒத்துக்காது. காலையில எட்டு மணிக்குப் போயி வாசல்கிட்ட இருக்கற ஆபீஸ் ரூம்லயே தாளை வாங்கி, கையெழுத்தப் போட்டுக் குடுத்துட்டு, ஒம்போது மணி பஸ்ஸப் புடிச்சுடுவேன். சால்வைய அங்கேயே குடுத்துட்டா வாங்கிக்கறேன், இல்லன்னாலும் பரவால்ல. இப்ப இருக்கற முட்டியில ஏணி ஏறி லைன நடந்து பாக்கறதும் முடியாது. படத்துல உள்ளபடி இருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சே, அது போதும்.

ஆமா, கேக்க மறந்துட்டேன். உங்களுக்கு நாளைக்கு ஷிப்ட்டு உண்டா? காலை ஷிப்ட்டா. அப்ப ஸ்டீம் விடறப்ப நீங்க பாய்லர் ரூம்ல இருப்பீங்க, இல்லியா? லைன்லயா? லைன்ல எங்க?

டேங்க்குக்குப் போற வால்வா. அந்த ரெண்டு இன்ச் வால்வா.

அத நீங்கதான் தொறக்கறீங்களா.

இல்ல, ஒண்ணுமில்ல. தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்க தம்பி. வெயிலு.

எவ்வளவு நேரம் அங்க நிக்கணும்? சூடு ஏறி முடியற வரைக்குமா. அதுக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமே. சூடு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமா நகரும், அவசரப்படாது, கடைசி அரை மணியிலதான் முழு அம்பத்திரண்டும். வால்வத் தொறந்து விட்டுட்டு அந்தப் பக்கமா, பாய்லர் பக்கமா, தள்ளி வந்து நிக்கலாமே. நிக்க முடியாதா. அழுத்தத்தப் பாத்துப் பாத்துத் தொறக்கணுமா. ஆமா, அது சரி, அப்படித்தான் தொறக்கணும். நானே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.

தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுடுங்களேன். காய்ச்சல்னு சொல்லுங்க. யாரு வந்து தொட்டுப் பாக்கப் போறாங்க. ஒரே ஒரு நாள்தான், நாளன்னைக்கு வேலைக்குப் போங்க.

ஏன்னா நான் என்ன சொல்லட்டும். பைப்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆகும்னு நெனச்சா கையெழுத்துப் போடவா வந்திருப்பேன்? உங்க மொகத்தப் பாத்துட்டேன், பேரைக் கேட்டுட்டேன், உங்க தண்ணியக் குடிச்சுட்டேன், அதனால சொல்றேன். வேற காரணம் இல்ல.

கையெழுத்துப் போடலன்னா என்னன்னு நீங்களும் கேக்கறீங்க பாத்தீங்களா. என் வீட்டுக்காரி கேட்டா, அந்தப் பொண்ணு கேக்குது, இப்ப நீங்க. கேக்கறதுக்கு எல்லாருக்கும் சுலபமா இருக்கு. போடலன்னா அந்தப் பொண்ணு சொன்னது சரின்னு ஆயிடும். அப்ப நான் ரெண்டு தடவ திருப்பி அனுப்பி, மூணாவத நோட்டட்னு மூடினது என்ன ஆகும்? இருபது வருஷமா அந்த வழக்கத்துல போன சின்னக் கிளையெல்லாம் என்ன ஆகும்? ஒண்ணத் தொட்டா எல்லாத்தையும் தொடணும் தம்பி. அதுக்கு எனக்கு இப்ப வயசு இல்ல.

நீங்க லீவ மட்டும் போடுங்க. நான் சொல்றதக் கேளுங்க.

என்ன சொல்றீங்க? நீங்க போகலன்னா வால்வு சும்மா நிக்காதா, வேற ஆளைப் போட்டுடுவாங்களா. உங்க கூட்டாளியா. நைட்டு ஷிப்ட்டு முடிச்சுட்டு அவரே தொடந்து நிப்பாரா. அவரு பேரு...

வேணாம் தம்பி. அவரு பேரைச் சொல்லாதீங்க.